மூவாயிரம் அடி உயரத்தில் ஒரு ஹெரால்ட்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரில் பானெட் வேறு, மட்கார்டு வேறு என்று கிடையாது. இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் ஹெட்லைட், கிரில், மட்கார்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும். இன்ஜினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் இருக்கும். வேலை பார்க்கிறவர் குனியவே வேண்டாம். முன்டயரின் மேல் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினால் போதும், எதையும் தொட்டுவிடலாம். வலது டயர் அப்பாவுடைய இடம். இடது டயர் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெங்களூர் மர்ஃபி டவுனில் எங்கள் வீட்டு வாசலில் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம். எதிர்வீட்டுப் பாட்டி சர்ச்சுக்குப் போகும்போது ஒரு பார்வை பார்ப்பார், பூசை முடிந்து திரும்பும்போதும் பார்ப்பார். "இன்னும் ஆவலையாப்பா?" என்று கேட்பார். ஆகியிருக்காது.

அப்பாவுக்கு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஓவர்ஹால் பிரிவில் வேலை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. தொழிற்சாலையில் ஜெட் விமானங்கள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தாலும், அப்பாவின் மனசு பிஸ்டன் இன்ஜின்களோடுதான் இருந்தது. முக்கியமாக எச்.டி.-2. டாக்டர் வி.எம். காட்கே தலைமையில் பெங்களூரிலேயே வடிவமைத்து, 1951-இல் முதன்முதலில் பறந்த பயிற்சி விமானம். சிரஸ் மேஜர் என்ற நாலு சிலிண்டர் இன்ஜின் அதற்கு. "அதுவும் நாலு சிலிண்டர், இதுவும் நாலு சிலிண்டர்" என்பதுதான் பழைய கார் ஒன்றை வாங்கி, மெக்கானிக் தயவில்லாமல் ஓட்டிவிடலாம் என்று அப்பா எடுத்த முடிவுக்குப் பின்னால் இருந்த ஒரே கணக்கு.

ஆனால் அவர் வாங்கிய கார் அவருடைய கூட்டாளிகளுக்குப் பிடிக்கவில்லை. எச்.ஏ.எல்.காரன் கார் வாங்கினால் ஃபியட் வாங்குவதுதான் முறை என்று ஒரு வேடிக்கை வழக்கம் அங்கே உண்டு. காரணம் வால்சந்த் ஹிராசந்த். 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கியவர் அவர்தான். 1944-இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கியவரும் அவர்தான். அங்கிருந்துதான் ஃபியட் வந்தது. "வால்சந்த் உப்பைத் தின்னுட்டு வண்டலூர் வண்டி வாங்கறியேப்பா" என்று கம்பெனி பஸ்ஸில் கிண்டல் செய்வார்களாம். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-இலிருந்து ஹெரால்டைத் தயாரித்து வந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. உடம்பை வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. இன்ஜின். எங்களுடையது இரண்டு கதவு வண்டி. பின்சீட்டில் ஏறுவதற்குள் என் பாட்டி மூன்று சாமி பெயர் சொல்லிவிடுவார். திருப்புவதில் மட்டும் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் சந்துக்குள் ரிவர்ஸ் போடாமல் வளைத்துக்கொண்டு வந்துவிடும்.

வண்டியை அப்பா மெட்ராஸில் ஒரு கண் டாக்டரிடமிருந்து வாங்கினார். அங்கே ஓட்டிப் பார்த்தபோது சமர்த்தாகத்தான் ஓடியது. பெங்களூருக்கு வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள் குணம் மாறிவிட்டது. புகைக்குழாயில் கறுப்புப் புகை. சிக்னலில் நின்றால் இன்ஜின் தள்ளாடியது. பெட்ரோல் வாசனை காருக்குள்ளேயே வந்தது. மைலேஜ் விழுந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நாலும் அடுப்புக்கரி நிறம். தொட்டால் விரலில் ஒட்டும் உலர்ந்த கரி.

பிளக்கைப் படிக்க நான் கற்றது அப்போதுதான். பிளக்கின் மூக்கில் இளம் பழுப்பு நிறம் இருந்தால் சரி. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் காய்கிறது. உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது, அது வேறு செலவு. ஆடுகோடி மைக்கோ தொழிற்சாலையில் செய்த பிளக்குகள் அவை. அப்பா அவற்றை ஜன்னல் விளிம்பில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சிலிண்டர் வரிசை மாறாமல் வைப்பார். யாராவது நகர்த்திவிட்டால் வீட்டில் அன்று சத்தம்தான்.

கறுப்புக்குக் காரணத்தை அப்பா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தார். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூவாயிரம் அடி. இங்கே காற்று மெட்ராஸ் காற்றைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லேசு. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடைக்கணக்கில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். கார்ப்பரேட்டருக்கு எடை தெரியாது. அதன் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைகிறது, அந்த உறிஞ்சலில் பெட்ரோல் ஜெட் என்ற பொடித் துளை வழியாக மேலே வருகிறது. காற்று லேசானாலும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. எனவே மெட்ராஸ் ஜெட்டோடு பெங்களூர் வந்த வண்டிக்குக் கலவை ஐந்து சதவீதம் வரை கொழுத்துப்போகும். விமானத்தில் இதற்கென்றே ஒரு லீவர் உண்டு. மேலே ஏற ஏறப் பைலட் அதை இழுத்து, பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போவார். "பத்தாயிரம் அடி போறவனுக்கு லீவர் குடுத்தாங்க. மூவாயிரம் அடியில குடியிருக்கறவனுக்கு ஒண்ணும் குடுக்கல" என்று அப்பா சொல்வார். உண்மையில் ஐந்து சதவீதத்துக்கு இத்தனை கறுப்புக் கரி வராது என்பதும், வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தது என்றால், சில காலத்துக்கு வீட்டில் எல்லாக் கோளாறுக்கும் உயரம்தான் காரணம். பருப்பு வேகாததற்கும் அதுதான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

சின்ன ஜெட் தேடி நாங்கள் போனது சிவாஜிநகர் குஜ்ரிக்கு. புது சாமான் வேண்டுமென்றால் ஜே.சி. ரோடு. அங்கே கடைக்காரர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பார், நாம் பார்ட் நம்பர் சொல்ல வேண்டும். குஜ்ரியில் அப்படி இல்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்து சந்தாக, பிரித்துப்போட்ட கார்களின் கதவும் டைனமோவும் ஸ்டியரிங்கும் கூரை வரை அடுக்கியிருக்கும். தமிழ், உருது, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். பிஸ்கெட் டின்னில் பித்தளை ஜெட்டுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். சோலெக்ஸ் கார்ப்பரேட்டர் ஜெட்டின் தலையில் குத்தியிருக்கும் எண் அதன் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 110 என்றால் 1.10 மில்லிமீட்டர். 105 என்றால் அதைவிட ஒரு தலைமுடி அளவு சிறியது. அந்த ஒரு முடி வித்தியாசத்தைத் தேடித்தான் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டின்னைக் கிளறுவார்.

குஜ்ரிக்கு நாலு சந்து தள்ளி, பாய் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்கின் பட்டறை. பட்டறை என்றால் ஒரு புங்கமரம், ஒரு மரப்பெட்டி, ஒரு கல். அம்பாசடர், ஃபியட், எப்போதாவது ஒரு மோரிஸ் மைனர். பாய்க்கு அப்பாவைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஆனாலும் "சார்" என்றுதான் கூப்பிடுவார். அப்பா ஜெட்டை நீட்டி மூவாயிரம் அடி விஷயத்தைச் சொன்னார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கார்ப்பரேட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டெல்கோ மூடியைக் கழற்றினார். டிஸ்ட்ரிபியூட்டருக்கு எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளிடம் அதுதான் பெயர். உள்ளே தொட்டுத் தொட்டு விலகிப் பொறியை எழுப்பும் பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தது. இடைவெளி கிட்டத்தட்ட மூடியே போயிருந்தது. ஹெரால்டுக்கு அது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்க வேண்டும்.

"பொறி சரியா விழலன்னா பெட்ரோல் எங்க எரியும் சார்? எரியாத பெட்ரோல் கரியாத்தான் போவும். பத்து வண்டி கார்ப்பரேட்டர்னு சொல்லி வருது. எட்டு வண்டி டெல்கோதான்."

பாயிண்டும் கண்டென்சரும் மாற்றினார். இரண்டும் பாடி லூகாஸ் டி.வி.எஸ். சரக்கு. பிறகு அப்பாவின் மனசு நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஜெட்டையும் மாற்றிப் போட்டார். புகை நின்றது. பாதி புகைக்குப் பாயிண்ட், மீதிப் பாதிக்கு உயரம் என்று பேசி முடித்துக்கொண்டார்கள்.

பாயின் அந்த எட்டு வண்டிக் கணக்கு எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது. கார்ப்பரேட்டர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, திருகாணிகள் இருக்கின்றன, திருப்பினால் சத்தம் மாறுகிறது. அதனாலேயே எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. கண்டென்சர் கெட்டுப்போனால் வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் மிஸ்ஸிங் அடித்து நிற்கும். பார்க்கிறவருக்குப் பெட்ரோல் அடைப்பு மாதிரியே இருக்கும். கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதற்குள் இன்ஜின் ஆறிவிடுமா, வண்டி ஓடும். "பார்த்தீங்களா, அடைப்புதான்" என்று காசு வாங்கிக்கொள்வார்கள். அடுத்த நாள் மறுபடி நிற்கும்.

என்றாலும் அந்த மிச்ச இரண்டு வண்டியில் எங்கள் ஹெரால்ட் பல தடவை இருந்தது.

சுத்தம் செய்கிற அன்று வாசலில் பழைய டெக்கான் ஹெரால்ட் விரிக்கப்படும். அலுமினியத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பெட்ரோல். மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், நீடில் வால்வு, மிதவை எல்லாம் அதில் இறங்கும். என் வேலை ஜெட்டைப் பெட்ரோலில் அலசி, வாயில் வைக்காமல் சைக்கிள் பம்பால் ஊதி, வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது. துளைக்குள் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரத்தில் நிலாப் பிறை போலக் குறைந்திருந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். கம்பியை விட்டுக் குடையக் கூடாது. அப்பாவும் பாயும் வாதமே இல்லாமல் ஒத்துப்போன சில விஷயங்களில் அது ஒன்று. பித்தளை மிருதுவானது, கம்பி உரசினால் துளை பெருத்துவிடும், அப்புறம் ஜெட் தலையில் இருக்கும் எண்ணுக்கு மதிப்பு இல்லை. ஸ்லோ ஜெட்டின் துளை மெயின் ஜெட்டைவிடப் பொடிசு. வண்டி வேகத்தில் நன்றாகப் போய், நிற்கும்போது மட்டும் அணைந்துவிட்டால் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். ஐட்லிங்கில் பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட்டின் பொறுப்பு.

ஒருமுறை நின்ற இடத்திலேயே பெட்ரோல் வழிய ஆரம்பித்தது. கார்ப்பரேட்டரின் உடம்பு நனைந்து, கீழே மண்ணில் ஈரவட்டம். மிதவை அறையில் பெட்ரோல் உயரும்போது மிதவை மேலே எழும்பி, நீடில் வால்வைத் தள்ளி வரவை அடைக்க வேண்டும். வால்வில் தூசி சிக்கினால் அடைக்காது. சிக்கவில்லை. அப்பா பித்தளை மிதவையை எடுத்து என் காதருகில் ஆட்டினார். உள்ளே சலக் சலக் என்றது. மிதவைக்குள்ளேயே பெட்ரோல் புகுந்திருந்தது. கனத்துப் போனது எப்படி எழும்பும்? அம்மா வெந்நீர் போட்டுக் கொடுத்தார். மிதவையை அதில் அமுக்கியதும் மூட்டு ஓரத்திலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. ஓட்டை அங்கே.

அல்சூர் பஜாரில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். அவர் துருத்தியை மிதிக்கத் தொடங்கியதும் அப்பா ஓடிப்போய்த் தடுத்தார். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது நெருப்பருகே கொண்டுபோனால் கையோடு போய்விடும். ஓட்டையைக் கீழ்முகமாகப் பிடித்து, மறுபடி வெந்நீரில் முக்கி முக்கி, வாசனையே இல்லாதபடி பெட்ரோலை விரட்டி, ஒரு நாள் வெயிலில் வைத்த பிறகுதான் பற்று வைத்தார். அதுவும் ஒரு கடுகளவுதான் இருக்க வேண்டும். அதிகம் வைத்தால் மிதவையின் எடை கூடி, பெட்ரோல் மட்டம் உயர்ந்து, கலவை மறுபடி கொழுக்கும். ஈயக்காரர் தாராளமாக வைத்துப் பழகியவர். "சட்டிக்கு வைக்கற மாதிரி வச்சாத்தானே சார் நிக்கும்" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து அரத்தால் பாதியைத் தேய்த்தெடுத்தார்.

கோடை விடுமுறைக்கு மெட்ராஸ் போய்த் திரும்பும் பயணங்களில்தான் வண்டியின் இன்னொரு குணம் தெரியும். போகும்போது இறக்கம், விடியற்காலைக் குளிர், ஒன்றும் ஆகாது. வரும்போது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று மே மாத வெயிலில் வறுபட்டு வந்து, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர்ப் பக்கம் ஏறத் தொடங்கும்போது வண்டி முனகும். சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தினால் போச்சு. ஓடிக்கொண்டிருக்கும் வரை காற்றாவது படும். நிறுத்தியதும் இன்ஜினின் சூடெல்லாம் மேலே ஏறும். டீயை வைத்துவிட்டு வந்து சாவி போட்டால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது.

ஏசி பம்ப் என்று எல்லோரும் சொல்லும் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே இன்ஜினின் கேம் தண்டு அதன் கையைத் தள்ளித் தள்ளி விட, ரப்பர் டயாஃப்ரம் ஏறி இறங்கி, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். பெட்ரோலின் லேசான பகுதி நாற்பது டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். உயரம் ஏற ஏற இன்னும் சீக்கிரம். பம்புக்கு ஆவியை இழுத்துத் தள்ளத் தெரியாது. இழுத்த இழுப்புக்கு ஆவி விரிந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், பெட்ரோல் வராது. இதுதான் வேப்பர் லாக். கண்ணாடிக் கிண்ணத்தில் பார்த்தால் தெரியும். அரைக் கிண்ணம் பெட்ரோல், மேலே கொதிக்கிற மாதிரிக் குமிழி.

டீக்கடையில் தண்ணீர் வாங்கி, பாட்டியின் துண்டை நனைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டுவார் அப்பா. துண்டிலிருந்து சுர்ரென்று ஆவி கிளம்பும். பம்பின் அடியில் கையால் அடிக்கிற சின்ன நெம்பு ஒன்று உண்டு. அதற்கு என் விரல்தான் வாகாக இருக்கும். டக், டக் என்று அடித்துக்கொண்டே கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். முதலில் நுரை, பிறகு பெரிய குமிழி, அப்புறம் சின்னக் குமிழி, கடைசியில் குமிழியே இல்லாமல் கிண்ணம் தளும்பி நிற்கும். "நிறைஞ்சிடுச்சுப்பா" என்று கத்துவேன். அதற்குள் நாலு லாரி டிரைவர்கள் சுற்றி நின்று யோசனை சொல்லியிருப்பார்கள். அவர்கள் ஓட்டுவது டீசல் வண்டி. அதனால் என்ன?

இதெல்லாம் காரணம் தெரிந்த கோளாறுகள். காரணமே பிடிபடாமல் ஒரு மழைக்காலம் முழுக்க எங்களை அலையவிட்டது ஒன்று உண்டு. வண்டி காலையில் நல்லபடி கிளம்பும். சில மைல் போனதும் இழுவை குறையும், குதிக்கும், நிற்கும். பத்து நிமிஷம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். வேப்பர் லாக் என்று சொல்ல முடியாது, வெளியே மழை. பாயிண்ட், கண்டென்சர் புதுசு. கார்ப்பரேட்டரைப் பிரித்துப் பிரித்து அதன் திருகாணிகளின் மண்டையெல்லாம் மழுங்கிவிட்டது. பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்குமோ என்று ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தோம். கிழிந்திருந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலோடு கலந்து மட்டம் உயரும், வாசனை காட்டிக்கொடுக்கும். அதுவும் இல்லை. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம் என்று அடுத்த சந்தேகம். அந்தக் காலத்தில் அது நியாயமான சந்தேகம்தான். அப்பா தொழிற்சாலை வழக்கப்படி ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் கறையில்லாமல் காய்ந்தது. நல்ல பெட்ரோல்.

பாயை ஏற்றிக்கொண்டு போனோம். டிரினிட்டி சர்க்கிள் தாண்டியதும் வழக்கப்படி நின்றது. அப்பா பானெட் கொக்கிக்குக் கையைக் கொண்டுபோனார். "இருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பாய் வண்டியின் பின்பக்கம் போனார். பெட்ரோல் டேங்க் மூடியருகே காதை வைத்து, மூடியை மெதுவாகத் திருகினார். புஸ்ஸென்று நீளமாகக் காற்று உள்ளே போகிற சத்தம் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த என் காதுக்கே கேட்டது.

"உள்ள மூச்சு விட முடியாம கெடக்குது சார் டேங்கு."

அதற்குச் சில மாதம் முன்னால் மூடி காணாமல் போயிருந்தது. அப்பா புது மூடி ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். பார்க்கப் பழசைவிடப் பளபளப்பாக இருந்தது. பழைய மூடியில் காற்று போக ஒரு பொடித் துளை இருக்கும், இதில் இல்லை. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் ஏறி, பம்பின் இழுப்பும் அதன் இழுப்பும் சமமாகிவிடும், பெட்ரோல் நின்றுவிடும். பத்து நிமிஷம் சும்மா விட்டால் எங்கோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து சமாதானமாகும். பாய் மரப்பெட்டியிலிருந்த துரப்பணத்தால் மூடியில் ஊசித் துளை ஒன்று போட்டார். கூலி வாங்கவில்லை, டீ மட்டும். அன்றிலிருந்து அப்பா வண்டி நின்றால் முதலில் பொறியைப் பார்ப்பார், பிறகு பின்னாலிருந்து முன்னால் வருவார்: மூடி, டேங்க், குழாய், பம்ப், கிண்ணம், மிதவை. ஜெட் கடைசி.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எங்கள் தெருவில் முதலாவது வந்து நின்றபோது எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அதிலும் கார்ப்பரேட்டர்தான் இருந்தது, ஆனால் அதன் உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினார். ஹெரால்டை அப்பா எண்பதுகளின் கடைசியில் விற்றார். வாங்கியவரிடம் மூடியில் துளை இருப்பது ஏன் என்று அரை மணி நேரம் சொன்னார். 2000-த்தில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்களிலிருந்து கார்ப்பரேட்டர் போய், இன்ஜெக்‌ஷன் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் இருசக்கர வண்டிகளிலிருந்தும் ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. காற்றின் அழுத்தத்தைத் தானே அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும் பெட்டி இப்போது எல்லாப் புதுப் பெட்ரோல் காரிலும் இருக்கிறது. அப்பா கேட்ட லீவர், ஆள் இழுக்காமலே வேலை செய்கிறது.

பாயின் மகன் இப்போது பட்டறையை நடத்துகிறார். கையில் ஸ்கேனர். ஆனால் அது காட்டும் எண்ணை மட்டும் நம்பி சென்சாரை மாற்றுகிறவர்களைப் பற்றி அவர் பேசும்போது, பாய் டெல்கோவைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கிறது. குழாயில் ஒரு கீறல் இருந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது என்கிறார். பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் நிறைய. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கொடுக்கும் மத்திய அரசு விதி 2021-இல் வந்த பிறகு, மூடி வைத்திருந்த பல வண்டிகள் வெளியே வருகின்றன. அவருடைய மரத்தடியில் நான் கடைசியாகப் பார்த்தது ஒரு அம்பாசடரும் ஒரு ஃபியட் டிலைட்டும்.

அந்த வண்டிகளுக்கு இப்போது புதுத் தொல்லை, எத்தனால். 20 சதவீதக் கலப்பு 2025-இல் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் வழியாக வரும் அதே அளவு எரிபொருள் இன்ஜினுக்குப் போதாமல் போகிறது. கலவை ஏழெட்டு சதவீதம் மெலிகிறது. மெட்ராஸ் ஜெட்டோடு பெங்களூர் வந்த வண்டிக்கு உயரம் கொடுத்த கொழுப்பை இது முழுசாகவே கழித்துவிடும். அப்பா இருந்திருந்தால் 105-ஐக் கழற்றிவிட்டுப் பழைய 110-ஐத் தேடியிருப்பார். கலவை சமாளிக்கக்கூடியதுதான். ரப்பர்தான் சமாளிக்க முடியாதது. அந்தக் காலத்து டயாஃப்ரமும் குழாயும் வாஷரும் எத்தனாலில் ஊறி உப்பி, பிறகு வெடித்துப் போகின்றன. டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தங்கி, துருவை உண்டாக்குகிறது. அந்தத் துருதான் ஜெட்டுக்கு வருகிறது.

வீட்டில் பழைய கார் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கார்ப்பரேட்டர் சும்மா இருக்கட்டும். முதலில் டேங்கிலிருந்து பம்ப் வரை, பம்பிலிருந்து கார்ப்பரேட்டர் வரை உள்ள ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், பம்பின் டயாஃப்ரத்தையும் சேர்த்து. ஊறிப்போன குழாய் கசிந்து சூடான புகைக்குழாய்மேல் சொட்டினால் வண்டி தீப்பிடிக்கும். முன்சீட்டுக்கடியில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.